இங்கிலாந்தில் ஃபொஸ்டர் கேரர் ஆவது: முழுநேரமா, ஷோர்ட் பிரேக்கா?

மழைக்குருவி எழுதியது:

பெற்றோரோடு வாழ முடியாத பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஃபொஸ்டர் கேரர் ஆக, ஒரு வெற்று அறை இருந்தால் போதும் என்று கவுன்சில் விளம்பரத்தில் சொல்கிறார்கள். அது மட்டும் போதாது என்று தெரிகிறது, வேறு என்ன வேண்டும் என்றுதான் தெரியவில்லை. இருவரும் வேலைக்குப் போகிற வீடு, மூன்று அறை, வாடகை, ஏழு வயதில் சொந்தப் பிள்ளை ஒன்று. இந்த நிலையில் விண்ணப்பிக்கலாமா? எவ்வளவு காலம் எடுக்கும்? முதலில் ஷோர்ட் பிரேக் கேரராக, அதாவது வார இறுதி போலச் சில நாள் மட்டும் பிள்ளையைப் பார்ப்பவராக, கொஞ்ச நாள் பழகிவிட்டுப் பிறகு முழுநேரத்துக்கு மாறுவது நல்லதா? அவரவர் கதையை விட, நடைமுறை தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் பெரிய உதவி.

தென்கரை எழுதியது:

நான் எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து விதிகள் வேறு.

வாடகை தடையில்லை, வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். வயதுக்கு மேல் எல்லை கிடையாது. கீழே பெரும்பாலான இடங்களில் 21. தனியாள், தம்பதி, ஒரே பாலின இணையர் யாரும் விண்ணப்பிக்கலாம். வீஸாவில் இருப்பவர்களிடம் நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறதா என்று பெரும்பாலும் முதல் தொலைபேசியிலேயே கேட்பார்கள்.

அறை விஷயத்தில் கவனம். மூன்று வயதுக்கு மேற்பட்ட ஃபொஸ்டர் பிள்ளைக்குத் தனி அறை என்பதுதான் தேசியக் குறைந்தபட்சத் தரநிலை. பகிர்வதானால் பிள்ளையை அனுப்பும் கவுன்சில் ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்தப் பிள்ளையும் ஃபொஸ்டர் பிள்ளையும் ஒரே அறையில் என்றால் அனேகமான சேவைகள் கதையை அங்கேயே முடித்துவிடும். உங்கள் மூன்றாவது அறையில் ஊரிலிருந்து வருகிறவர்கள் தங்குவது வழக்கம் என்றால் அதை இப்போதே யோசியுங்கள். பிள்ளை வந்த பிறகு அந்த அறை விருந்தினர் அறை ஆகாது.

மதிப்பீடு இரண்டு கட்டமாக நடக்கும். 2011ஆம் ஆண்டின் ஃபொஸ்டரிங் ஒழுங்குவிதிகளில் இது இருக்கிறது. முதல் கட்டம் ஆவணம்: வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் டிபிஎஸ் (குற்றப் பின்னணி) சோதனை, ஜிபி (குடும்ப டொக்டர்) நிரப்பும் மருத்துவப் படிவம், நீங்கள் வசித்த கவுன்சில்களில் விசாரிப்பு, உங்களைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள், முன்பு எங்காவது ஃபொஸ்டரிங்குக்கு விண்ணப்பித்திருந்தால் அந்த விவரம். எல்லாத் தகவலும் கைக்கு வந்து 10 வேலை நாட்களுக்குள், தொடரப் போவதில்லை என்றால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் கட்டம்தான் வீட்டுக்கு வந்து கதைப்பது, ஃபோர்ம் எஃப் என்கிற நீண்ட அறிக்கை எழுதுவது. இரண்டு கட்டமும் சமகாலத்தில் ஓடலாம். விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து முடிவு வரை எட்டு மாதத்துக்குள் என்பது தரநிலை. எல்லாம் ஒழுங்காகப் போனால் நான்கு, ஐந்து மாதத்திலேயே முடியும்.

தாமதம் எங்கே வரும் என்றால் பெரும்பாலும் மூன்று இடத்தில். ஜிபி படிவத்தைக் கையில் எடுக்கவே கிழமைகள் ஆகும். வெளிநாட்டில் வாழ்ந்த காலத்துக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டால் அது வந்து சேர நாளாகும், ஆகவே முதல் நாளே விண்ணப்பித்துவிடுங்கள். மூன்றாவது, உங்களைப் பற்றிச் சொல்ல நீங்கள் பெயர் கொடுத்தவர்கள். நம்மவர்கள் கோயில் தலைவர், சங்கச் செயலாளர் என்று பெரியவர்களின் பெயரைக் கொடுக்கிறார்கள். அவர்கள் "மிகவும் நல்ல குடும்பம், ஒரு குறையும் இல்லை" என்று நான்கு வரி எழுதுவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளைகளோடு நீங்கள் பழகுவதை நேரில் பார்த்தவர், நீங்கள் கோபப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று சொல்லக்கூடியவர் வேண்டும். அயல்வீட்டுக்காரர், வேலையில் கூட இருப்பவர், பள்ளியில் பழக்கமான இன்னொரு பெற்றோர், இப்படி.

கோவைக்காரி எழுதியது:

அந்த ஃபார்ம் எஃப் மதிப்பீட்டுல என்னதான் கேட்பாங்கன்னு யாராவது வெளிப்படையா சொல்லுங்களேன். "எல்லாத்தையும் கிண்டுவாங்க"ன்னு பயமுறுத்துறவங்கதான் அதிகம்.

தென்கரை எழுதியது:

கிண்டுவார்கள், உண்மைதான். ஆனால் குற்றம் தேடி அல்ல. வழக்கமாக ஆறு முதல் பத்துத் தடவை வீட்டுக்கு வருவார்கள். தம்பதியாக இருந்தால் சேர்த்தும் தனித்தனியாகவும் கதைப்பார்கள், உங்கள் பிள்ளையோடும் தனியாகப் பேசுவார்கள். வம்சவரைபடம் ஒன்று கீறச் சொல்வார்கள், வாழ்க்கையின் முக்கிய ஆண்டுகளை வரிசையாக எழுதச் சொல்வார்கள். முன்னாள் துணை இருந்து, இருவரும் சேர்ந்து பிள்ளை வளர்த்திருந்தால் அவரையும் தொடர்புகொள்வார்கள்.

எங்கள் ஆட்கள் தடக்குப்படுகிற இடம் இரண்டு. ஒன்று, போரிலும் இடப்பெயர்விலும் இழந்ததைப் பற்றிக் கேட்கும்போது "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு, நாங்கள் நல்லா இருக்கிறம்" என்று மூடிவிடுவது. அவர்கள் துயரத்தை அளக்க வரவில்லை. தாயைப் பிரிந்து வந்த பிள்ளை இரவு இரண்டு மணிக்கு அழுதால் உங்களுக்குள் என்ன கிளம்பும், அதை எப்படிக் கையாளுவீர்கள் என்பதுதான் கேள்வி. மன அழுத்தத்துக்கு மருந்து எடுத்திருந்தால் அது தடையே அல்ல. மறைத்து, ஜிபி படிவத்தில் அது வெளிவந்தால்தான் சிக்கல்.

இரண்டாவது, அடி. "சின்னதா ஒரு தட்டு தட்டினால்தான் கேட்பான்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஃபொஸ்டர் கேரர் கையெழுத்திடும் உடன்படிக்கையில் உடல்ரீதியான தண்டனை எதுவும் இல்லை என்ற உறுதி இருக்கிறது. தட்டு, கிள்ளு, காது முறுக்கு, முழங்காலில் நிற்க வைப்பது, சாப்பாட்டை நிறுத்துவது எல்லாம் ஒரே கணக்கு. சொந்தப் பிள்ளையை எப்படிக் கண்டிக்கிறீர்கள் என்பதையும் கேட்பார்கள், ஏழு வயதுக்காரர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவார். அடிக்கு மாற்றாக என்ன செய்வீர்கள் என்று உதாரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும்.

இடையில் "ஸ்கில்ஸ் டு ஃபொஸ்டர்" என்ற பயிற்சி வரும். ஃபொஸ்டரிங் நெட்வேர்க் உருவாக்கியது, வழக்கமாக மூன்று நாள். தம்பதி என்றால் இருவரும் போக வேண்டும். மனைவி மட்டும் போய், கணவர் வேலையைச் சாட்டி வராமல் விடுவதை மதிப்பீட்டாளர் குறித்துக்கொள்வார்.

அறிக்கையை பானலுக்கு (விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழு) அனுப்புமுன் உங்களுக்குக் காட்டி, கருத்துச் சொல்ல 10 வேலை நாள் தர வேண்டும். வரிக்கு வரி வாசியுங்கள். பெயர், ஆண்டு, வேலை விவரங்கள் பிழையாக இருப்பது சாதாரணம், பானலில் அதைத்தான் பிடித்துக் கேட்பார்கள். பானல் பரிந்துரை மட்டுமே செய்யும். முடிவெடுப்பவர் வேறொருவர், பரிந்துரை கைக்கு வந்து ஏழு வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 28 நாளுக்குள் அவருக்கே மனு எழுதலாம், அல்லது சுயாதீன மீளாய்வுக்குப் போகலாம். இரண்டில் ஒன்றுதான். முதல் கட்டத்திலேயே நிராகரித்தால் இந்த வழி இல்லை, முறைப்பாடு மட்டும்தான்.

பனங்கூடல் எழுதியது:

ஓம், நல்ல விளக்கம். ஆனா கவுன்சிலா ஏஜென்சியா எண்ட கேள்விக்கு ஒருத்தரும் வரேல்லையே. ஏஜென்சிக்காரர் கூடக் காசு குடுக்கினம் எண்டு எல்லாரும் அங்கதான் ஓடினம்.

தென்கரை எழுதியது:

ஏஜென்சி என்றால் கேரர்களைத் திரட்டிக் கவுன்சில்களுக்குக் கொடுக்கும் கவுன்சில் அல்லாத நிறுவனம். காசு கூட என்பது பாதி உண்மை. கொடுப்பனவு இரண்டு பகுதி. ஒன்று பிள்ளைக்கான அலவன்ஸ்: சாப்பாடு, உடுப்பு, பயணம், கைச்செலவு. இதற்கு அரசு ஒவ்வொரு ஏப்ரலிலும் தேசியக் குறைந்தபட்சத் தொகை அறிவிக்கும்; வயதுக்கேற்ப மாறும், லண்டனுக்கு ஒன்று, தென்கிழக்குக்கு ஒன்று, மற்ற இடத்துக்கு ஒன்று. மற்றது கேரருக்கான ஃபீ, இதுதான் இடத்துக்கு இடம் வேறுபடுவது. ஏஜென்சியில் ஃபீ உயர்வாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கவுன்சில் முதலில் தன் சொந்தக் கேரர்களிடம்தான் பிள்ளையை வைக்கப் பார்க்கும். இடமில்லாதபோது, அல்லது பிள்ளையின் தேவை சிக்கலாக இருக்கும்போது ஏஜென்சியிடம் போகும். ஆகவே ஏஜென்சி கேரரிடம் பதின்வயதினர், பல இடம் மாறி வந்தவர்கள், கூடப்பிறந்தவர்கள் இருவர் மூவராக வருவது அதிகம். கைக்குழந்தைதான் வேண்டும் என்று ஏஜென்சியில் காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்கலாம்.

பிள்ளை இல்லாத கிழமைகளுக்குப் பெரும்பாலான இடங்களில் ஒரு சதமும் வராது. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. வேலையை விட முன் இந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் ஒரு சேவையில் மட்டுமே அங்கீகாரம் வைத்திருக்கலாம். ஆகவே இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள், ஓர் இடத்தில் விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு ஏஜென்சியின் ஒஃப்ஸ்டெட் (அரசின் கண்காணிப்பு அமைப்பு) அறிக்கையும் இணையத்தில் பொதுவாக இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணை விட, அதில் கேரர்கள் சொன்னதாக எழுதியிருக்கும் பந்தி முக்கியம்.

நிலா_தாதி எழுதியது:

ஷோர்ட் பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் "பழகிப் பார்க்க" என்ற சொல் உறுத்துகிறது.

ஷோர்ட் பிரேக் என்பது பெரும்பாலும் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு. பிள்ளை தன் அம்மா அப்பாவோடுதான் வாழ்கிறார். நீங்கள் மாதத்தில் ஒரு வார இறுதி, அல்லது கிழமையில் சில மணி நேரம் வைத்துப் பார்க்கிறீர்கள். இன்னொரு ஃபொஸ்டர் கேரர் ஓய்வெடுக்க அவரிடமிருக்கும் பிள்ளையை வைத்துப் பார்ப்பது ரெஸ்பைட், அது வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஷோர்ட் பிரேக்கில் பிள்ளையைப் பற்றிய எல்லா முடிவும் பெற்றோரிடம். நீங்கள் அவர்களின் முறையைத்தான் பின்பற்ற வேண்டும். உங்களுக்கு ஒப்பாத முறையாக இருந்தாலும், பிள்ளைக்குத் தீங்கில்லாதவரை, அப்படித்தான்.

இராத் தங்கல் இருந்தால் நீங்களும் முழு ஃபொஸ்டர் கேரராகவே மதிப்பிடப்படுவீர்கள். அதே படிவம், அதே பானல். ஆகவே சுலப வழி என்று நினைத்து வர வேண்டாம். பகலுக்கு மட்டும் என்றால் சில கவுன்சில்களில் மதிப்பீடு வேறு மாதிரி. சட்டத்தில் ஓர் எல்லையும் இருக்கிறது: ஒரு தங்கல் 17 நாளைத் தாண்டக்கூடாது, 12 மாதத்தில் மொத்தம் 75 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஷோர்ட் பிரேக்குக்கான தளர்ந்த விதிகள் போய், கவுன்சில் பராமரிப்பில் முழுநேரம் உள்ள பிள்ளைகளுக்கான விதிகள் முழுதாக வந்துவிடும்.

இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது பொருந்துமா என்றால் நன்றாகவே பொருந்தும். வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் திறமை வேறு. முழுநேர ஃபொஸ்டரிங்கில் பிரிவும் பயமும் சோதிக்கும். இங்கே கைவேலை சோதிக்கும்: வலிப்பு மருந்து, வயிற்றுக் குழாய் வழி உணவு, தூக்கி (பிள்ளையைத் தூக்கும் கருவி), விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குத் தடிப்பாக்கிய பானம். ஒன்றைச் செய்தால் மற்றது வந்துவிடாது.

கோவைக்காரி எழுதியது:

அக்கா, அந்தக் கைவேலையைக் கொஞ்சம் விரிச்சு எழுத முடியுமா? அது தெரியாமத்தான் நிறையப் பேர் ஒதுங்கிடறாங்க.

நிலா_தாதி எழுதியது:

பொதுப் பயிற்சி எடுத்தால் போதாது. அந்தப் பிள்ளைக்கென்று தாதி வந்து கற்றுத்தந்து, நீங்கள் செய்து காட்டி, அவர் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் யார் கேட்டாலும் செய்யாதீர்கள், "ஒரு தரம்தானே" என்று அம்மாவே சொன்னாலும்.

வலிப்பை நிறுத்த மிடசோலம் என்ற மருந்துத் திரவத்தைக் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் மெதுவாக விடுவது வழக்கம். எத்தனையாவது நிமிடத்தில் கொடுப்பது என்பது பிள்ளையின் சொந்தத் திட்டத்தில் இருக்கும், பெரும்பாலும் ஐந்து. ஆகவே வலிப்புத் தொடங்கியவுடன் முதலில் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், மனக்கணக்கை யாரும் நம்ப முடியாது. எப்போது அவசர எண் 999க்கு அடிப்பது, இரண்டாவது டோஸ் உண்டா இல்லையா என்பதும் அதே தாளில் இருக்கும். அந்தத் தாளின் திகதியைப் பாருங்கள். பிள்ளையின் நிறை கூடினால் டோஸ் மாறியிருக்கும், பழைய தாள் பையின் அடியில் கிடக்கும்.

குழாய் வழி உணவு என்றால் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்த்தி, முடிந்த பிறகும் அரை மணியாவது அப்படியே. முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், மருந்துகளை ஒன்றோடொன்று கலக்காமல் இடையிலும் கொஞ்சம் தண்ணீர். குழாய் அடைபடுவதற்குப் பெரும்பாலும் இந்தத் தண்ணீரை விட மறந்ததுதான் காரணம். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீர், பொறுமை. கோலா ஊற்றுகிற பழைய கைவைத்தியம் வேண்டாம். பொத்தான் மாதிரி இருக்கும் குழாய் கழன்று வந்துவிட்டால் அந்தத் துளை ஓரிரு மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். மாற்றுப் பெட்டி எப்போதும் பிள்ளையோடு பயணிக்க வேண்டும், பூங்காவுக்குப் போனாலும்.

கைமாறும் நேரம்தான் அதிகப் பிழை நடக்கும் இடம். வெள்ளி மாலை, பெற்றோருக்குக் களைப்பு, உங்களுக்கும் வேலை முடிந்து வந்த அவசரம். மருந்து எல்லாம் ஃபார்மசி லேபல் ஒட்டிய அதே பெட்டியில் வர வேண்டும். ஏழு நாள் டப்பாவில் பிரித்துப் போட்டது, ஊசிக்குழாயில் முன்கூட்டியே இழுத்து வைத்தது எதையும் ஏற்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. குளிசையை எண்ணி, மருந்துத் தாளில் இருவரும் கையெழுத்திட்டு, காலாவதித் திகதி பார்த்து, அதன் பிறகே பெற்றோர் காரில் ஏற வேண்டும். உணவு பம்பின் சார்ஜர் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதை மறப்பது போல வேறு எதையும் மறப்பதில்லை.

அறிமுகத்தை அவசரப்படுத்தாதீர்கள். முதலில் நீங்கள் அவர்களின் வீட்டுக்குப் போய், இரவுச் சாப்பாட்டிலிருந்து படுக்கை வரை என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பேசாத பிள்ளை "போதும்" என்பதை எப்படிக் காட்டுகிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறது, குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்குக் காதைப் பொத்துமா, இதெல்லாம் எந்த அறிக்கையிலும் முழுதாக வராது. பிறகு உங்கள் வீட்டில் ஒரு மணி நேரம், பிறகு அரைநாள், பிறகு ஓரிரவு. ஓரிரவு சரியாகப் போனது என்று அடுத்த கிழமையே முழு வார இறுதிக்குத் தாவுவதில்தான் பல பொருத்தங்கள் முறிகின்றன.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வரி. யாரும் தொடாத பகுதி, ஆகவே நான்.

ஃபொஸ்டர் கேரர் வருமான வரித்துறைக்குச் சுயதொழில் செய்பவர். பதிவுசெய்ய வேண்டும், ஆண்டுக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் பெரும்பாலானவர்கள் வரி கட்டுவதில்லை, ஏனெனில் தனிச் சலுகை உண்டு. 2024-25 வரி ஆண்டில் அது வீட்டுக்கு 19,360 பவுணாக இருந்தது. அதன் மேல் 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கிழமைக்கு 405, 11 அல்லது அதற்கு மேல் என்றால் 485. எட்டு வயதுப் பிள்ளை ஒருவர் 52 கிழமையும் இருந்தால் 405 பெருக்கல் 52, அதாவது 21,060. கூட்டினால் 40,420. ஃபொஸ்டரிங் வரவு இதற்குள் இருந்தால் அதற்கு வரி இல்லை. 2023க்கு முன் அந்த நிலையான தொகை 10,000 மட்டுமே. 18,140 ஆக உயர்த்திய பிறகு விலைவாசியோடு ஆண்டுதோறும் ஏறுகிறது. பழைய இணையப் பக்கங்களில் இன்னும் 10,000 என்று கிடக்கும், ஏமாற வேண்டாம்.

நிலையான தொகை வீட்டுக்கு ஒன்றுதான், கணவனுக்கு ஒன்று மனைவிக்கு ஒன்று அல்ல. ஆண்டின் நடுவில் தொடங்கினாலும் அது முழுதாகவே கிடைக்கும்.

ஷோர்ட் பிரேக் கேரருக்கும் இதே சலுகை. கிழமை என்பது திங்கள் முதல் ஞாயிறு, ஒரு பகுதி இருந்தாலும் முழுக் கிழமையாக எண்ணலாம். வெள்ளி வந்து ஞாயிறு போனால் ஒரு கிழமை. வெள்ளி வந்து திங்கள் காலை பள்ளிக்குப் போனால் இரண்டு கிழமை! ஆகவே வந்த, போன திகதிகளை எழுதி வையுங்கள். செலவுப் பற்றுச்சீட்டுகளைக் கட்டிக் காக்க வேண்டியதில்லை, திகதி இருந்தால் போதும்.

யூனிவேர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகையில் ஃபொஸ்டரிங் கொடுப்பனவை வருமானமாக எடுக்க மாட்டார்கள். வீட்டுக் காப்புறுதி, கார்க் காப்புறுதி இரண்டிடமும் அறிவித்துவிடுங்கள்.

பனங்கூடல் எழுதியது:

ஒரு பக்கக் கேள்வி. ஊரில இருந்து சொந்தக்காரப் பிள்ளையைக் கூட்டி வந்து படிக்க வைக்கிற குடும்பங்கள் இருக்கே, அதுவும் ஃபொஸ்டரிங்கோ?

தென்கரை எழுதியது:

நல்ல கேள்வி, பலர் தெரியாமல் சட்டத்தை மீறுகிற இடம் இது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை (மாற்றுத்திறன் இருந்தால் 18), நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் அது தனியார் ஃபொஸ்டரிங். கவுன்சிலுக்கு ஆறு கிழமைக்கு முன் அறிவிக்க வேண்டும், அறிவிக்காமல் விடுவது குற்றம். நெருங்கிய உறவு என்றால் 1989 சிறுவர் சட்டப்படி தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர், பெற்றோரின் கூடப்பிறந்தவர் (கலியாண வழியில் வருபவரும்), மாற்றாந்தாய் தந்தை அவ்வளவே. தகப்பனின் ஒன்றுவிட்ட தம்பி எங்களுக்குச் சித்தப்பா, சட்டத்துக்கு அல்ல. அவர் வீட்டில் பிள்ளை நின்றால் அறிவித்தே ஆக வேண்டும். அறிவித்தால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம், சோஷல் வேர்க்கர் வந்து பார்ப்பார். அலவன்ஸ் கிடைக்காது, செலவு பெற்றோர் பொறுப்பு.

மழைக்குருவி எழுதியது:

நன்றி, நிறையத் தெளிந்தது. இன்னும் இரண்டு. கோயிலுக்குக் கூட்டிப் போவது, பொட்டு, முடி வெட்டுவது, எங்கள் சாப்பாடு இதெல்லாம் எப்படி? ஊருக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

தென்கரை எழுதியது:

யாரிடம் பெற்றோர் பொறுப்பு (பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை) இருக்கிறது என்பதில் தொடங்க வேண்டும். பெற்றோர் சம்மதத்தோடு (அதே 1989 சட்டத்தின் 20ஆம் பிரிவு) பிள்ளை பராமரிப்பில் இருந்தால் பொறுப்பு முழுவதும் பெற்றோரிடம். நீதிமன்றப் பராமரிப்பு ஆணை இருந்தால் கவுன்சிலும் பகிர்ந்துகொள்ளும். கேரருக்கு அது ஒருபோதும் கிடையாது. எதை நீங்களாகவே முடிவெடுக்கலாம் என்பதை இடமளிப்புத் திட்டத்தில் ஒவ்வொன்றாக எழுதுவார்கள். இந்தத் திட்டம் பிள்ளை வருமுன், அல்லது வந்து ஐந்து வேலை நாளுக்குள் தயாராக வேண்டும். அந்தக் கூட்டத்தில் "எல்லாம் சரி" என்று தலையாட்டிவிட்டு வராமல் உட்கார்ந்து கேளுங்கள்: முடி வெட்டலாமா, எவ்வளவு? பள்ளிச் சுற்றுலாவுக்கு யார் கையெழுத்து? சிநேகிதர் வீட்டில் இரவு தங்கலாமா? பல் டொக்டர்? தடுப்பூசி?

முடி விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். கத்தரித்த முடியைப் பார்த்துத் தாய், பிள்ளையைப் பார்க்க வரும் சந்திப்பில் அழுது, அது நீதிமன்ற அறிக்கை வரை போகக்கூடியது. மொட்டை, காது குத்துதல் எழுத்தில் அனுமதி இல்லாமல் நினைக்கவே கூடாது. சித்த, ஆயுர்வேத மருந்து, கைவைத்தியக் கசாயம் இதுவும் அப்படியே. வேறு சமயப் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதும் கேட்டுச் செய்ய வேண்டியது. பிள்ளையின் சமயத்தைப் பேண உதவுவது உங்கள் கடமை, மாற்றுவது அல்ல. சாப்பாடு பிரச்சினை இல்லை, ஆனால் முதல் சில நாள் பிள்ளைக்குத் தெரிந்த சாப்பாட்டைச் செய்யுங்கள். உறைப்பு பிறகு பார்க்கலாம்.

படம்: குடும்ப வட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் முகம் வரக்கூடாது. கலியாண வீட்டில் யாரோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே விழாவுக்கு முன் சொந்தக்காரரிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

ஊருக்கு: எழுத்தில் அனுமதி, பிள்ளைக்குப் பாஸ்போட், தேவையான இடத்தில் வீஸா. பாஸ்போட் விண்ணப்பத்தை யார் கையெழுத்திடுவது என்பதிலேயே மாதங்கள் போகும். ரிக்கெட் வாங்கிவிட்டுக் கேட்பது பலரும் செய்யும் வேலை. அனுமதி இல்லையென்றால் பிள்ளை ரெஸ்பைட்டுக்குப் போக வேண்டும், "என்னை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள்" என்ற எண்ணம் அங்கே ஊன்றிவிடும்.

நிலா_தாதி எழுதியது:

நாட்குறிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் எழுத வேண்டியது, குற்றச்சாட்டு வரும் நாளில் உங்களைக் காப்பது. "இன்று மூட் சரியில்லை, அடம்பிடித்தார்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. இப்படி எழுதுங்கள்: "16.10 பள்ளியால் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் சோஃபாவின் பின்னால் போய் இருந்தார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. 16.35 வெளியே வந்து பால் கேட்டார். 'அம்மா ஃபோன் எடுக்கேல்ல' என்றார்." நேரம், கண்டது, காதில் விழுந்த அதே சொல். காயம் இருந்தால் எந்த இடம், என்ன நிறம், எவ்வளவு பெரிது என்று எழுதி அன்றே சோஷல் வேர்க்கருக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை ஒரு விஷயத்தை இரகசியமாகச் சொல்ல வந்தால் "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம்.

கோவைக்காரி எழுதியது:

சோஷியல் வொர்க்கர் ஒருத்தரா ரெண்டு பேரா? யாருக்கு எதைச் சொல்லணும்னே குழப்பமா இருக்கு.

தென்கரை எழுதியது:

இரண்டு பேர். பிள்ளைக்கு ஒருவர், உங்களுக்கு மேற்பார்வைச் சோஷல் வேர்க்கர் ஒருவர். பிள்ளையின் சோஷல் வேர்க்கர் முதல் கிழமைக்குள் வந்து பார்க்க வேண்டும், பிறகு முதலாண்டில் ஆறு கிழமைக்கு ஒரு தடவையாவது. உங்களுடையவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது சொல்லாமல் வருவார். பிள்ளை பராமரிப்புக்கு வந்து 20 வேலை நாளுக்குள் முதல் மீளாய்வுக் கூட்டம், பிறகு மூன்று மாதத்தில், அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. உங்கள் அங்கீகாரமும் முதலாண்டுக்குள் மீளாய்வு செய்யப்படும். பயிற்சித் தரநிலைப் புத்தகத்தையும் அதே 12 மாதத்தில் முடிக்க வேண்டும்.

மழைக்குருவி, உங்கள் முதல் கேள்விக்கு என் கருத்து: இருவரும் வேலையில் தொடரப் போகிறீர்கள், மாதத்தில் ஒரு வார இறுதியை உண்மையாகவே ஒதுக்க முடியும் என்றால் ஷோர்ட் பிரேக் எடுங்கள். ஆனால் அதற்காகவே எடுங்கள். அந்தப் பிள்ளையின் அம்மா அந்த ஒரு வார இறுதியை நம்பி மாதம் முழுவதும் ஓட்டுகிறார், ஆறு மாதத்தில் "நாங்கள் முழுநேரத்துக்கு மாறுகிறோம்" என்று கையை விரித்தால் அவர் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போவார். முழுநேரம்தான் உங்கள் எண்ணம் என்றால், இருவரில் ஒருவர் வேலையைக் குறைக்க முடிகிற வரை பொறுத்து, நேராக அதற்கே விண்ணப்பியுங்கள். பள்ளி நடுப்பகலில் கூப்பிடும், பெற்றோருடனான சந்திப்புக்குக் கூட்டிப் போக வேண்டும், கூட்டங்கள் எல்லாம் அலுவலக நேரத்தில்தான்.

மழைக்குருவி எழுதியது:

விளங்குகிறது, அண்ணா. ஷோர்ட் பிரேக்குக்குத்தான் விசாரிக்கப் போகிறோம். முதல் சந்திப்பில் அவர்களிடம் நாங்கள் கேட்க வேண்டியது என்ன?

நிலா_தாதி எழுதியது:

சனி இரவு பதினொரு மணிக்கு அடித்தால் தொலைபேசியை எடுப்பது யார், அவருக்கு அந்தப் பிள்ளையின் கோப்பைத் திறக்க முடியுமா? பிள்ளைக்குரிய பயிற்சியைத் தாதியிடம் ஒழுங்கு செய்வது யார், இப்போது எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? பிள்ளை வராமல் பெற்றோர் கடைசி நேரத்தில் ரத்துச் செய்தால் கொடுப்பனவு உண்டா? தூக்கி, சிறப்புக் கட்டில், கார் இருக்கை யார் தருவார்கள், பழுதானால் யார்? சாதாரண கார் இருக்கையே 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை வேண்டும். உங்கள் பிள்ளைக்கு ஏழு வயது, பின்னால் இரண்டு இருக்கை சக்கர நாற்காலியோடு அடங்குமா என்று வீட்டுக்கு வரும் நாளில் அவர்களையே காரில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.